இயற்கையைப் பார்த்து வேலை செய்த கலைஞர்கள்: பிள்ளைகளுக்கு யாரைக் காட்டலாம்?

தாழம்பூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். "இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்றால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரே படத்தை வரைந்து நீட்டுகிறார்கள். இரண்டு மலை, இடையில் சூரியன், கீழே வளைந்து போகும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை. ஜன்னலுக்கு வெளியே புங்க மரம் நிற்கிறது, வேலியில் கோவைக்கொடி பழுத்துக் கிடக்கிறது. ஒரு பிள்ளைகூட அதை வரைந்ததில்லை.

கொலாஜ் (காகிதம் போன்றவற்றை வெட்டி ஒட்டிச் செய்யும் படம்), சிற்பம், ஓவியம் மூன்றிலும் இயற்கையை உற்றுப் பார்த்து வேலை செய்தவர்களை அவர்களுக்குக் காட்ட ஆசை. நானும் கற்றுக்கொள்ள வேண்டும். இணையத்தில் தேடினால் காய்ந்த இலையில் செய்த யானை, தர்பூசணியில் செதுக்கிய மயில் என்று படங்கள் கொட்டுகின்றன. செய்தவர் யார், எந்த ஊர், எதற்காகச் செய்தார் என்று ஒரு வரி கிடையாது. யாரிடமிருந்து தொடங்கலாம், சொல்லுங்கள்.

கருங்காலி எழுதியது:

கொலாஜ் என்றால் நான் முதலில் சொல்வது மேரி டெலனி. இங்கிலாந்துக்காரர், 1700இல் பிறந்தவர். கணவர் இறந்தபின் தோழியான போர்ட்லாந்து கோமகளின் புல்ஸ்ட்ரோட் மாளிகையில் ஆண்டின் பெரும்பகுதி தங்குவார். 1772இல், 72 வயதில், ஒரு சிவப்புக் காகிதமும் பக்கத்திலிருந்த ஜெரேனியம் பூவின் இதழும் ஒரே நிறமாக இருப்பதைக் கவனித்தார். காகிதத்தை இதழ் வடிவில் வெட்டினார். அப்படித் தொடங்கிய வேலை பத்து ஆண்டு நடந்தது. 1782இல் பார்வை மங்கிப்போய் நிறுத்தியபோது 985 படங்கள் சேர்ந்திருந்தன. ஆயிரம் செய்ய நினைத்திருந்தார்.

பின்னணி எல்லாவற்றிலும் கறுப்பு. அதன்மேல் நிறமேற்றிய மெல்லிய காகிதத் துண்டுகள், ஒவ்வொன்றும் கத்தரியால் வெட்டி ஒட்டியவை. ஒரு பேஷன் பூவில் (passion flower) மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் உண்டு. முதலில் பூவைப் பிரித்துப் பார்ப்பார். மகரந்தத் தாள் எத்தனை, புல்லி இதழ் எப்படி மடங்குகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே கத்தரியை எடுப்பார். லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து அவருக்குச் செடிகள் வந்திருக்கின்றன. இன்று படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவர்களுடைய தளத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம், காசு கிடையாது. உங்கள் பிள்ளைகளுக்குத் தேவையான பொருளும் வண்ணக் காகிதம், கறுப்புத் தாள், பசை, கத்தரி, ஒரு பூ, அவ்வளவுதான்.

பொட்டல்வெளி எழுதியது:

டெலனியின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. பூவை இருக்கிறபடியே காகிதத்தில் கொண்டுவருவது தாவரவியல் உதவியாளரின் வேலை இல்லையா? ஒளிப்படம் வராத காலத்தில் அதற்குப் பயன் இருந்தது. ஆசிரியை கேட்பது கலைஞர்களை. இயற்கையை நகலெடுத்தவரையும் இயற்கையிலிருந்து எடுத்து வேறொன்றைச் செய்தவரையும் ஒரே பட்டியலில் போடக்கூடாது என்பது என் எண்ணம்.

கருங்காலி எழுதியது:

//தாவரவியல் உதவியாளரின் வேலை//

ஜோசப் பேங்க்ஸ் போன்ற தாவரவியலாளரே இந்தப் படங்களை நம்பிச் செடியை விவரிக்கலாம் என்று பாராட்டியது உண்மை. அது ஒரு பக்கம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பச்சை இலைக்குள் ஏழெட்டுப் பச்சை அடுக்கியிருக்கிறார். வெளிச்சம் பட்ட இடம் ஒரு துண்டு, நிழல் ஒரு துண்டு, நரம்பு ஒரு துண்டு. சில இடங்களில் நிஜ இலையையே காகிதத்தோடு சேர்த்து ஒட்டியிருக்கிறார். எது செடி, எது காகிதம் என்று கண் தடுமாறும். அந்தக் கறுப்பும் தாவரவியலுக்குத் தேவைப்பட்டதல்ல, அக்காலத் தாவரப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தாளில் இருந்தன. கறுப்பு அவர் எடுத்த முடிவு. அதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

வளரும்பிறை எழுதியது:

ஓவியத்துக்கு மரியான் நார்த் பெயரைச் சேர்க்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் தனியாகவே உலகம் சுற்றி, செடிகளை அவை வளரும் இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர். பறித்து வந்து மேசையில் வைத்து வரைந்தது குறைவு. பல படங்களில் செடிக்குப் பின்னால் மலை, கோயில், குளம், ஆள் எல்லாம் இருக்கும். இலங்கைக்கும் வந்தார், தஞ்சைப் பெரிய கோயிலையும் வரைந்தார். லண்டன் கியூ தோட்டத்தில் அவர் சொந்தச் செலவில் கட்டிக் கொடுத்த காட்சிக்கூடம் 1882இல் திறந்தது. எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் சுவரே தெரியாமல் நெருக்கி மாட்டப்பட்டிருக்கின்றன.

பிள்ளைகளுக்கு இன்னொருவர் ஜார்ஜியா ஓ'கீஃப். ஒரு பூவைக் கான்வாஸ் முழுக்க நிரப்பி வரைவார். ஒரு ஊமத்தம் பூவுக்கு அந்த அளவு கொடுத்தால் எவராலும் கடந்து போக முடியாது. அவருடைய 1932ஆம் ஆண்டு ஊமத்தம் பூ ஓவியம் 2014இல் 4.4 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. நம் ஊரில் வேலியோரம் கிடக்கிற செடியின் இனம்தான் அதுவும்.

நூலகத்தார் எழுதியது:

நண்பர்கள் நல்ல பெயர்கள் தந்தீர்கள். எல்லாம் கடல் கடந்தவை. ஆசிரியை அம்மாவுக்கு நான் ஒரு ஊரைச் சொல்கிறேன்: மேற்கு வங்காளத்தில் தாகூர் பள்ளி தொடங்கிய சாந்திநிகேதன். கொலாஜ், சிற்பம், ஓவியம் மூன்றும் அங்கே ஒரே குருகுலத்தில் கிடைக்கும்.

வினோத் பிஹாரி முகர்ஜி 1904இல் பிறந்தார். சிறு வயதிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதிலும் கிட்டப்பார்வை. பள்ளிப்படிப்பு சரியாக நடக்கவில்லை. சாந்திநிகேதனுக்கு வந்து நந்தலால் போஸிடம் கற்றார். ஊரைச் சுற்றியிருந்த செம்மண் ஓடைகளையும் பனைகளையும் நெடுஞ்சுருள்களில் வரைந்தார். 1940இல் அங்குள்ள கலைப் பள்ளியான கலாபவனின் விடுதிக் கூரையில், உட்பக்கமாக, ஒரு சுவரோவியம் செய்தார். நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றி மரம், மாடு, குடிசை, ஆட்கள் என்று அந்தப் பீர்பூம் மாவட்டத்துக் கிராமம் முழுவதும். இந்தப் பக்கம்தான் மேல் என்று எதுவும் கிடையாது. அண்ணாந்து பார்த்தபடி நீங்கள்தான் சுற்றிவர வேண்டும். உங்கள் பிள்ளைகளின் இரண்டு மலைப் படத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

1957இல் கண் அறுவைசிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுவதுமாகப் போய்விட்டது. வேலை நிற்கவில்லை. வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார், மெழுகில் சின்ன உருவங்கள் பிடித்தார், கோட்டோவியமும் தொடர்ந்தார். 1972இல் கலாபவனச் சுவரில் உதவியாளர்களோடு பெரிய பீங்கான் ஓட்டுச் சுவரோவியம் ஒன்றை முடித்தார். அதே ஆண்டு அவருடைய மாணவர் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். சின்னப் படம், ஒரு வகுப்பு நேரத்துக்குள் போட்டுக் காட்டலாம்.

தாழம்பூ எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை. கேட்கத் தோன்றுகிறது: பார்வை போனபின் அவர் செய்த காகிதப் படங்களில் இயற்கை எங்கே இருக்கிறது? அவரால் அப்போது எதையும் பார்க்க முடியாதே.

நூலகத்தார் எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. காகிதப் படங்களில் பெரும்பாலும் மனித உருவங்கள்தான். உட்கார்ந்திருப்பவர், படுத்திருப்பவர், கையூன்றியவர். நான் அவற்றில் இயற்கையைக் காண்பது இப்படி: பல பத்தாண்டுகள் மரத்தையும் மேட்டையும் வளைவையும் பார்த்துப் பார்த்து வரைந்த கை அது. எடை எங்கே இறங்கும், உடம்பு எங்கே மடியும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். கண் இல்லாதபோதும் கத்தரி அந்த வளைவில்தான் ஓடியது. அவருடைய பழைய நிலக்காட்சிகளையும் இந்த வெட்டுப்படங்களையும் அடுத்தடுத்து வையுங்கள். கோடு ஒன்றே.

அவருடைய தோழர் ராம்கிங்கர் பைஜ். அவரும் நந்தலாலின் மாணவர், பாங்குராக்காரர். வெண்கலத்துக்குப் பணம் இல்லை. சிமெண்டும் அந்த ஊர்ச் செம்புறாங்கல் சரளையும் கலந்து திறந்தவெளியில் சிற்பம் செய்தார். 1938இல் செய்த 'சந்தால் குடும்பம்' தட்டுமுட்டுச் சாமானோடு இடம்பெயரும் பழங்குடிக் குடும்பம். ஆணும் பெண்ணும் பிள்ளையும் நாயும் நடந்து போகிறார்கள். எந்த மண்ணில் நடக்கிறார்களோ அந்த மண்ணின் சரளையே அவர்களுடைய தோல். அதற்கு முன் 1935இல் 'சுஜாதா' செய்தார். யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, அவற்றைப் போலவே ஒல்லியாக நெடுநெடுவென்று நிற்கும் பெண். தலையில் பாத்திரம் வைக்கச் சொன்னவர் நந்தலால் என்பார்கள். அதனால்தான் அவள் புத்தருக்குப் பாயசம் கொண்டுபோகும் சுஜாதா ஆனாள்.

பொட்டல்வெளி எழுதியது:

நான் கேட்டது இதைத்தான். மரத்தைச் செதுக்காமல் மரம் நிற்கிற விதத்தைப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார். இதில் நகல் இல்லை. பட்டியலை இங்கிருந்து தொடங்குங்கள் என்று ஆசிரியைக்குச் சொல்வேன்.

கருங்காலி எழுதியது:

பொட்டல்வெளி, சுஜாதாவை நானும் நேசிக்கிறேன். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை முதல் நாளே அங்கே போய் நிற்க முடியாது. பூவைப் பிரித்து எண்ணிப் பார்த்த கண்தான் பிறகு மரத்தின் நிற்பைக் கண்டுபிடிக்கும். டெலனியை முன்னால் வைப்பதற்கு எனக்கு அதுதான் காரணம்.

நூலகத்தார், அடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்கள்.

நூலகத்தார் எழுதியது:

மிருணாளினி முகர்ஜி. வினோத் பிஹாரிக்கும் சிற்பி லீலா முகர்ஜிக்கும் மகள், 1949இல் பிறந்தவர். டேராடூனில் வளர்ந்தார், விடுமுறைக்குச் சாந்திநிகேதன். பரோடாவில் ஓவியம் படித்துவிட்டு, அங்கேயே கே.ஜி. சுப்பிரமணியனிடம் சுவரோவியம் கற்றார்.

இந்தச் சுப்பிரமணியனைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கேரளத்துக் கூத்துப்பறம்பில் 1924இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு அடைபட்டது. 1944இல் சாந்திநிகேதன் போனார், வினோத் பிஹாரியின் மாணவரானார். மிருணாளினியின் அப்பா இவருக்குக் கற்றுக்கொடுத்தார், இவர் மிருணாளினிக்குக் கற்றுக்கொடுத்தார். கைத்தறி வாரியத்திலும் பணியாற்றியவர். கைவினைக்கும் கலைக்கும் நடுவே வேலி போடக்கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். மிருணாளினியைச் சணல் நாரின் பக்கம் திருப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

தறி இல்லை, ஊசி இல்லை. சாயம் ஏற்றிய சணலைக் கையால் முடிச்சுப் போட்டுப் போட்டு, ஆளுயரத்துக்கும் மேலான உருவங்களைச் செய்தார். முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொள்வதில்லை. முடிச்சு போகும் போக்கில் உருவம் வளரும். பூவா, தெய்வமா, உடலா என்று தீர்மானிக்க முடியாது. 'யக்ஷி', 'ஆரண்யானி' என்று பெயர் வைப்பார். 2000இல் செய்த 'ஜபா' லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஜபா என்றால் வங்காளத்தில் செம்பருத்தி.

வடமராட்சியான் எழுதியது:

நெடுநாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். முடிச்செண்டு கண்டதும் எழுதவேணும் போல கிடந்தது.

எங்கட பக்கம் பனையில எல்லாம் வரும். சார்வோலையை வெட்டிக் காயவிட்டு, வார்ந்து, சாயம் போட்டு அம்மம்மா பெட்டி இழைப்பா. கடகம், சுளகு, நீத்துப்பெட்டி. அவவுக்கும் வரைஞ்ச படம் ஒண்டும் இல்லை, மூலை திருப்புற இடம் விரலுக்குத் தெரியும். மிருணாளினியின்ர வேலையின்ர படங்களை இப்பத்தான் தேடிப் பாத்தன். பெரிய வேலை, மனசில நிக்குது. ஆனா எனக்கொரு குறை இருக்கு. அவவின்ர பெயர் லண்டனில இருக்கு. எங்கட பெட்டி இழைச்ச மனிசிகள் ஒருத்தரின்ர பெயரும் ஒரு இடத்திலயும் எழுதப்படேல்லை. தாழம்பூ அக்கா, பிள்ளையளுக்குக் கலைஞர்களைக் காட்டேக்க இதையும் சேத்துச் சொல்லுங்கோ. உங்கட ஊரில நார் திரிக்கிற, பாய் பின்னுற ஆக்களிட்டப் பெயர் கேட்டு எழுதச் சொல்லுங்கோ.

தாழம்பூ எழுதியது:

கட்டாயம் செய்கிறேன், தம்பி. பள்ளிக்குப் பக்கத்திலேயே கயிறு திரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் வீட்டிலும் அதுதான் தொழில். இதுவரை அதைக் கலை வகுப்போடு சேர்த்துப் பேசியதில்லை.

மெழுகுக்காரன் எழுதியது:

சாமிமலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மிருணாளினி 1990களில் பீங்கான் மண்ணுக்கும், 2003க்குப் பிறகு வெண்கலத்துக்கும் போனார். அந்த வெண்கலமும் மெழுகு வார்ப்புத்தான். அதனால் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், பிள்ளைகளுக்கு உதவும்.

முதலில் அளவு. ஸ்கேல் வைப்பதில்லை. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலைக் கீற்று ஒன்றை நறுக்கி, மடித்து மடித்துத் தாளக் கணக்கை, அதாவது சிலையின் உறுப்புகளுக்கான அளவு முறையை, குறித்துக்கொள்வோம். ஒடியோலை என்று பெயர். பிறகு தேன்மெழுகில் குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில் உருவம் பிடிப்போம். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசிக் காயவைத்து, அதற்கு மேல் தடித்த மண். சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், அது இருந்த இடத்தில் உலோகம் இறங்கும். மண்ணை உடைத்தால் சிலை. ஒரு அச்சில் ஒரு சிலைதான். மெழுகில் பட்ட விரல் அடையாளம்கூட உலோகத்தில் விழும்.

நாங்கள் அந்த அடையாளத்தைச் சீவித் தேய்த்து எடுத்துவிடுவோம், தெய்வத் திருமேனிக்கு அப்படித்தான் வேண்டும். மிருணாளினியின் 'பாம்ஸ்கேப்' வரிசையில் பனை மட்டையும் பாளையும் போல விரிந்த வெண்கலத்தில் மெழுகின் நெளிவையும் கை அழுத்தத்தையும் அப்படியே விட்டிருக்கிறார். படத்தில் பார்த்தபோதே எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது. ஓலை, மெழுகு, பிசின், வண்டல் என்று ஒரு சிலைக்குள் இவ்வளவு இயற்கை இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

இன்னொரு திசை. வோல்ஃப்காங் லைப், ஜெர்மனிக்காரர், 1950இல் பிறந்தவர், மருத்துவம் படித்து முடித்துவிட்டுக் கலைக்கு வந்தவர். தன் கிராமத்தைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் பூந்தாதைக் கையால் தட்டிச் சேகரித்து ஜாடிகளில் வைப்பார். 2013இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தரையில் 18 அடிக்கு 21 அடி அளவில் ஹேசல் மரத்தின் பூந்தாதைச் சல்லடையால் தூவினார். அவ்வளவும் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து சேர்த்தது. 1975லிருந்து 'பால்கல்' என்று ஒன்று செய்கிறார். வெள்ளைச் சலவைக்கல்லின் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு குழிவாகத் தேய்த்து, அதில் பால் ஊற்றி நிரப்புவது. தினம் துடைத்துவிட்டுப் புதுப்பால் ஊற்ற வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு பட்டறையும் உண்டு.

ஸ்காட்லாந்தில் வாழும் ஆங்கிலேயர் ஆண்டி கோல்ட்ஸ்வர்த்தியையும் விட்டுவிடாதீர்கள். இலையை முள்ளால் கோத்து ஆற்றில் விடுவார், பனிக்கட்டியை எச்சிலால் ஒட்டுவார், கரைவதற்குள் படம் எடுத்துக்கொள்வார். நிலைத்து நிற்கும் வேலையும் உண்டு: நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்ம் கிங் சிற்பப் பூங்காவில் 1997–98இல் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர். 2,278 அடி நீளம். மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றிச் சுற்றி வளைந்து போய்க் குளத்துக்குள் இறங்கி மறுகரையில் ஏறுகிறது.

பொட்டல்வெளி எழுதியது:

இவ்வளவு படித்தபின் ஒன்று தோன்றுகிறது. "இயற்கைக் கலைஞர்கள்" என்று தேடுபொறியில் தட்டினால் இவர்களில் பாதிப்பேர் வரமாட்டார்கள். ஒரு ஆசிரியரைப் பிடித்து அவர் மாணவரிடம் போவது, சணலைப் பிடித்து வெண்கலத்துக்குப் போவது, இப்படித்தான் இந்த இழையில் பெயர்கள் வந்தன. தாழம்பூ, வகுப்பிலும் அப்படியே போங்கள். பெயர் வரிசையை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஆனால் கருங்காலி, வரிசையில் எனக்கு இன்னும் ராம்கிங்கர்தான் முதல்.

தாழம்பூ எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல் வாரம் கறுப்புத் தாளும் கோவைக்கொடியும். பூ, காய், பழம் மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு வெட்டுவோம். அடுத்தது வினோத் பிஹாரியின் கூரை ஓவியம். மேலும் கீழும் இல்லாமல் நம் பள்ளி மைதானத்தை வரைவது. பிறகு கயிறு திரிக்கும் அம்மாக்கள் இருவரை வகுப்புக்கு அழைக்கிறேன். கோடை விடுமுறையில் சாந்திநிகேதன் போகலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம். சிற்பங்களைப் பார்க்க அனுமதி வாங்க வேண்டுமா?

நூலகத்தார் எழுதியது:

கோடையில் வேண்டாம், அம்மா. பீர்பூம் வெயில் தாங்காது, மாணவர்களும் இருக்கமாட்டார்கள். டிசம்பர் கடைசி வாரத்துப் பௌஷ் மேளாவில் கூட்டம் அதிகம். அது முடிந்து ஜனவரியில் போங்கள். ரயிலுக்குப் போல்பூரில் இறங்க வேண்டும். 2023இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின் பார்வையாளர் வரத்து கூடியிருக்கிறது. வளாகத்துக்குள் போகும் நேரத்தையும் விதிகளையும் அங்குள்ள விஸ்வபாரதி பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கூரை ஓவியம் இருக்கும் இடம் விடுதிக் கட்டடம், அதற்குத் தனியாக எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் ஓவிய ஆசிரியை என்பதைக் குறிப்பிடுங்கள்.

வடமராட்சியான் எழுதியது:

அக்கா, கயிறு திரிக்கிற அம்மாக்கள் வந்தால் அவையின்ர பெயரையும் செய்த வேலையின்ர படத்தையும், அவை சம்மதிச்சால், இந்த இழையில போடுங்கோ. நானும் இஞ்ச பெட்டி இழைக்கிற ஆக்களிட்டக் கேட்டு எழுதுறன்.